வாரம் ஒரு மாலை: வயது வந்தோர் வேதபாட வட்டம் நமக்குக் கற்பித்தவை

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் சங்கம் 25 ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கின்றது. இந்த ஆண்டுகளில் நாம் பெரும்பாலும் பிள்ளைகளின் கல்வியைப் பற்றியே பேசினோம். மாலை வகுப்பு, விடுதிச் சேர்க்கை, கல்லூரிக் கட்டணம் ஆகியவையே நம் கூட்டங்களின் பொருளாக இருந்தன. அது முறையே. ஆயினும் ஒரு கேள்வியை நாம் போதிய அளவு கேட்கவில்லை. பள்ளி வாயிலை மிதிக்க வாய்ப்பின்றிப் போன தாய் தந்தையர்க்கு, பாதியில் படிப்பை விட்டு ஏர் பிடிக்கப் போன அண்ணன்மார்க்கு, நாம் என்ன செய்தோம் என்பதே அக்கேள்வி. அதற்கு முழு விடை தருவதாக நாங்கள் கூறவில்லை. எங்கள் தெருவிலுள்ள சிற்றாலயத்தில் ஒன்பது ஆண்டுகளாக வாரந்தோறும் வியாழக்கிழமை மாலை நடந்துவரும் வயது வந்தோர் வேதபாட வட்டத்தின் பட்டறிவை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

இந்த அவையில் ஆலயத்திற்குச் செல்வோரும் உளர். குலதெய்வத்தை வழிபடுவோரும் உளர். 1956-இல் பாபாசாகேப் அம்பேத்கர் காட்டிய வழியில் பௌத்தம் தழுவியோரும் உளர். கடவுளே வேண்டா என்போரும் உளர். ஒருவர் மதத்தை மற்றொருவர்க்கு எடுத்துரைக்க நாங்கள் இங்கு நிற்கவில்லை. எழுத்தறியாதவரும் அறிந்தவரும் ஒரே பாயில் அமர்ந்து ஒரு நூலைப் படித்தால் ஒரு தெருவில் என்ன நிகழ்கின்றது என்பதையே சொல்ல வந்துள்ளோம்.

நூலும் நம் முன்னோரும்

சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தமிழ் அச்சில் முழுமையாக வெளிவந்தது. அந்நூல் மிஷனரிமாரின் கையோடு நின்றுவிடவில்லை. தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் என்பவர் நம் சமுதாயத்தில் பிறந்தவர். தமிழ்ச் சுவிசேஷம் கைக்கு வந்தபோது அவர் வளர்ந்த மனிதர், போர்வீரர். அதனைத் தாமே படித்தார்; படித்ததைத் தம்மவர்க்கு எடுத்துரைத்தார்; பின்னர்த் தஞ்சைப் பகுதியின் உபதேசியாராக நெடுங்காலம் உழைத்தார். ஆனால் 1733-இல் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்று, இந்தியச் சீர்திருத்தச் சபையாரின் முதல் குரு எனும் பெயர் பெற்றபின்னும், இராசநாயக்கனுக்கு அப்பட்டம் கிட்டவேயில்லை. பறையர் ஒருவர் கையால் மற்றைச் சாதியார் நற்கருணை பெற மாட்டார்கள் என்ற அச்சமே குறுக்கே நின்றது. நூல் அவருக்குத் திறந்திருந்தது, பீடம் திறக்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

வயது வந்தோர் கூடி வேதம் படிப்பது பிற நாடுகளிலும் உழைக்கும் மக்களோடு பிறந்த வழக்கமாகும். 1798-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் சிங்கில்ட்டன், சாமுவேல் பாக்ஸ் ஆகியோர் வயது வந்தோர்க்கென ஒரு பள்ளி நடத்தினர். பின்னல் ஆலைகளில் உழைத்த இளம் பெண்கள் அங்கு வந்து வேதத்தைப் படிக்கவும் எழுதவும் கற்றனர். எழுத்துக் கற்பிக்க அவர்களிடம் இருந்த நூல் வேதமே.

இதற்கு மாறான ஒரு செய்தியும் உண்டு. 1807-இல் இலண்டனில் ஒரு வேதப் புத்தகம் அச்சாயிற்று. அது மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்கென்றே தொகுக்கப்பட்டது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த மக்கள் விடுதலை பெற்று வெளியேறிய வரலாறு அதில் இல்லை, கத்தரித்து எடுத்துவிட்டனர். ஆண்டைகளுக்குப் பணிய வேண்டும் என்ற பகுதிகள் மட்டும் பத்திரமாக இருந்தன. அன்பர்களே, இதில் ஒரு பாடம் அடங்கியுள்ளது. நூல் நம் கையில் இருந்தால் மட்டும் போதாது. முழு நூலும் நம் கையில் இருக்கின்றதா, அதனைப் படிப்பவர் யார், பொருள் சொல்பவர் யார் என்பதே கேள்வி. பிறர் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததை மட்டும் படித்தவன் படித்தவன் ஆகமாட்டான்.

வட்டம் நடந்த முறை

எங்கள் வட்டம் பதினொரு பேரோடு தொடங்கிற்று. அவர்களுள் தடையின்றிப் படிக்கத் தெரிந்தவர் நால்வரே. நடவும் அறுப்பும் முடிந்து, உலையேற்றி இறக்கியபின் இரவு ஏழரை மணிக்குக் கூடுவோம். முதலில் ஆலயத்தில் கூடினோம். பின்பு வாரம் ஒரு வீட்டில் கூடலானோம். ஆயர் மாதம் ஒருமுறை வருவார். அவர் வந்த நாளில் அனைவரும் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு, தாமே ஒரு முடிவு செய்தார். நாற்காலியை விலக்கிவிட்டுப் பாயில் அமர்ந்து, கடைசியாக மட்டும் பேசுவதென்று சொன்னார். அன்று முதல் வட்டம் எங்களுடையதாயிற்று.

முறை எளிது. ஒருவர் ஒரு வசனமாக வாய்விட்டுப் படிப்பர். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் தடுமாறினால் எவரும் எடுத்துக்கொடுக்கலாகாது. அவரே கேட்டால் மட்டும் அருகிலிருப்பவர் சொல்வார். படிக்கவே தெரியாதவர் அந்தப் பகுதியைக் கதையாகத் திருப்பிச் சொல்வார். பிறகு நான்கு கேள்விகள். இங்கு நடந்தது என்ன? யார் எங்கே நிற்கிறார், யார் எங்கே அமர்ந்திருக்கிறார்? இது நம் ஊரில் எங்கே நடக்கிறது? அடுத்த வியாழனுக்குள் நாம் செய்யக்கூடிய ஒன்று எது? மறுவாரம் அந்தச் செயல் நிறைவேறியதா என்று கேட்டபின்னரே புதிய பகுதியைத் திறப்போம்.

இம்முறை எங்கள் கண்டுபிடிப்பன்று. பெல்ஜியத்தில் இளந்தொழிலாளர் இடையே பணியாற்றிய கார்டைன் எனும் குருவானவர், நிலைமையைப் பார்ப்பது, சீர்தூக்குவது, செயல்படுவது என்ற மூன்று படிகளை வகுத்தார். நிக்கராகுவா நாட்டின் சொலெந்தினாமே தீவுகளில், 1966 முதல் எர்னெஸ்தோ கார்தெனால் எனும் கவிஞர் குருவாக இருந்து மீனவரோடும் உழவரோடும் ஞாயிறுதோறும் சுவிசேஷத்தை உரையாடிப் படித்தார். அவர்கள் பேசியவை 1975-இல் நூலாக வெளிவந்தன. சர்வாதிகாரி சொமோசாவின் படையினர் 1977-இல் அந்தக் குடியிருப்பையே அழித்தனர். ஏழைகள் கூடிப் படிப்பதும், படித்ததைக் கொண்டு எழுவதும் ஆள்வோர்க்கு எவ்வளவு அச்சம் தரும் என்பதற்கு இதுவே சான்று.

அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அதிகாரி ஒருவர் இரதத்தில் அமர்ந்து தீர்க்கதரிசன நூலைப் படித்துச் செல்கின்றார், பொருள் விளங்கவில்லை. பிலிப்பு சாலையில் நின்று விளக்கம் சொல்லவில்லை. இரதத்தில் ஏறி அவரருகே அமர்ந்து சொல்கின்றார். முதியோர்க்குக் கற்பிக்க விழையும் நம் இளைஞர்கள் இதனை நெஞ்சில் இருத்த வேண்டும். முதியோர் கல்வியில் ஆசிரியர் எதிரில் நிற்பவர் அல்லர், அருகில் அமர்பவர்.

ஒரு சொல்லும் ஒரு நிலமும்

இரண்டாம் ஆண்டில் 1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்திற்கு வந்தோம். ஆகாப் அரசன் தன் அரண்மனையை ஒட்டியிருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கீரைத் தோட்டமாக்க விரும்புகின்றான். பணம் தருவதாகவும் வேறு தோட்டம் தருவதாகவும் சொல்கின்றான். முன்னோர் விட்டுச்சென்றதைத் தர இயலாது என்று நாபோத் மறுக்கின்றான். பழைய மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் வரும் சொல் 'சுதந்தரம்' என்பதாகும். எங்களுள் ஒருவர் அதனை விடுதலை என்று கொண்டார். ஆயர் அகராதியைப் புரட்டி, பழைய வேதத் தமிழில் அச்சொல்லுக்கு மூதாதையர் வழி வந்த உரிமைச் சொத்து என்று பொருள் என்றார். அப்போது எங்கள் தெருவின் மூத்த அம்மையார், "இரண்டும் ஒன்றுதான் சாமி. காணி போனபிறகுதானே நாம் கைகட்டி நின்றோம்?" என்றார். ஐந்தாம் வகுப்பைக் கூடப் பாராத அவர் சொன்னதைவிடச் சிறந்த உரையை நாங்கள் இதுவரை கேட்டதில்லை.

அன்று இரவு பேச்சு பஞ்சமி நிலத்தின்மேல் திரும்பிற்று. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையைப் பற்றி அளித்த அறிக்கையின் பயனாக, 1892-இல் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. அதன்படி நம்மவர்க்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு அதனை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பின்னும் நம் சமுதாயத்தாருக்கே கைமாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலத்தில் எத்தனை ஏக்கர் இன்று நம் கையில் உள்ளது என்பதை நாம் அறிவோம். செங்கற்பட்டு வட்டாரத்தின் காரணை ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர்நீத்தனர். ஒருவர் பெயர் கிறித்தவப் பெயர். மற்றவர் பெயர் அவ்வாறன்று. குண்டு மதம் கேட்கவில்லை.

நாபோத்தின் கதையில் எங்களை உலுக்கியது மற்றொன்றும் உண்டு. அவனைக் கொன்றது அரசியின் கையன்று. அரசன் பெயரால் எழுதி முத்திரையிட்ட கடிதங்கள் ஊர்ப் பெரியோர்க்குச் செல்கின்றன, பொய்ச்சாட்சிகள் இருவர் எழுப்பப்படுகின்றனர், ஊரே கல்லெறிகின்றது. அந்தக் கடிதத்தை நாபோத் பார்க்கவில்லை. நம் நிலங்களும் அவ்வாறே போயின. கைநாட்டு வாங்கிய தாளில் என்ன எழுதியிருந்தது என்று நம் பாட்டன்மார் பார்க்கவில்லை.

அந்த வாரத்துச் செயலாக, கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று அ-பதிவேட்டைப் பார்ப்பதென முடிவாயிற்று. மூன்று முறை அலைந்தபின் பார்த்தோம். பொதுவில் 'டி.சி. நிலம்' எனப்படும் குறிப்போடு சில புல எண்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றேனும் இன்று எங்கள் தெருவார் உழுவதன்று. மனு அளித்தோம். இன்றுவரை நிலம் மீளவில்லை. இதனை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் அந்த மனுவில் 43 பேர் கையொப்பமிட்டனர். அதற்கு முந்திய ஆண்டு குடிநீர்க் குழாய்க்காக அளித்த மனுவில் கைநாட்டு வைத்திருந்த ஒன்பது பெண்கள் இம்முறை தங்கள் பெயரை எழுதினர். வட்டத்தில் வேதம் படித்த கை, மனுவிலும் எழுதிற்று.

எங்களை நோக்கித் திரும்பிய விரல்

அன்பர்களே, இனிச் சொல்லப்போவது எங்களுக்குப் பெருமை தருவதன்று. எனினும் அதனைச் சொல்லாமல் விடுவோமாயின், இந்த மேடையில் நிற்கும் தகுதி எங்களுக்கில்லை.

யாக்கோபு நிருபம் 2-ஆம் அதிகாரத்தைப் படித்தோம். பொன்மோதிரமும் நல்லுடையும் அணிந்து வருபவனுக்கு நல்ல இடத்தையும், கந்தை உடுத்திய ஏழைக்குக் காலடி ஓரத்தையும் காட்டும் சபையாரை நிருபம் கண்டிக்கின்றது. கேட்க வேண்டுமா? ஒவ்வொருவரும் தாம் பட்டதை எடுத்துரைத்தோம். தேநீர்க் கடையில் தனிக்குவளை, திருவிழாவில் ஒதுக்கிய தெரு, வெளியூர் ஆலயம் ஒன்றில் பின்வரிசைக்கு அனுப்பப்பட்ட கல்யாண வீட்டார் என்று ஒரு மணி நேரம் பேசினோம். பேசப் பேச எங்கள் உள்ளம் குளிர்ந்தது. வேதமே நம் பக்கம் நிற்கின்றது அல்லவா?

அப்போது வாயிற்படியருகே அமர்ந்திருந்த ஒரு பெண் பேசினார். அவர் குடும்பத்தார் பேரூராட்சியில் துப்புரவுப் பணி செய்பவர்கள். நம்மைப் போலவே தாழ்த்தப்பட்டோர், ஆயினும் நம்மவர் பலர் தமக்குக் கீழாக எண்ணும் வேறொரு சாதியினர். அவர் கேட்டார்: "இரண்டு வருசமாக ஒவ்வொரு வீடாகக் கூடுகிறோம். எங்கள் வீட்டு முறை இன்னும் வரவில்லையே?"

எவரும் வாய்திறக்கவில்லை. அவர் எப்போதும் வாயிற்படியருகே அமர்வதை நாங்கள் கண்டிருந்தோம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. யார் எங்கே அமர்ந்திருக்கிறார் என்ற இரண்டாம் கேள்வியை வாரந்தோறும் நூலைப் பார்த்துக் கேட்ட நாங்கள், எங்கள் பாயைப் பார்த்து ஒருமுறையும் கேட்கவில்லை.

மறுவாரம் அவர் வீட்டில் கூடினோம். அவர் கொடுத்த தேநீரைக் குடித்தோம். இதனைச் சாதனையாகச் சொல்லவில்லை. சாதாரண மனிதப் பண்பைச் சாதனை என்று சொன்னால் அதுவே இழிவு. அன்று இரண்டு குடும்பத்தார் வரவில்லை. ஒரு குடும்பம் ஏழு மாதங்களுக்குப் பின் திரும்பிற்று; மற்றொன்று இன்றுவரை வரவில்லை. யோவான் 4-ஆம் அதிகாரத்தில் இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கும் பகுதியை நாங்கள் அதற்கு முன் பலமுறை படித்ததுண்டு. யூதர் சமாரியரின் பாத்திரத்தில் புழங்கார். அப்பகுதியைப் படித்தபோதெல்லாம் எங்களை அந்தப் பெண்ணின் இடத்திலேயே வைத்துப் பார்த்தோம். மேல்சாதியார் இடத்திலும் நாங்கள் நிற்கக்கூடும் என்பது அன்றுதான் விளங்கிற்று. ஒடுக்கப்பட்டோம் என்பதனால் மட்டும் நாம் ஒடுக்காதவர்கள் ஆகிவிடவில்லை.

பெயர் எழுதாத குறிப்பேடு

மற்றொரு மாலை, பொறியியல் படிக்கும் இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். வட்டத்திற்கு வந்தால் தம் சாதிச் சான்றிதழுக்குத் தீங்கு நேருமா என்பதே அது. இந்த அச்சம் பொய்யன்று. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் அல்லாதாரைப் பட்டியல் சாதியினராகக் கொள்ளவில்லை. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் கிறித்தவராய் மாறிய நம்மவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு பிணைக்கலாகாது என்று 2007-இல் நீதியரசர் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. இப்பொருளை ஆராய 2022-இல் நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு வழக்கில், திருமுழுக்குப் பெற்று ஆலயத்திற்குச் சென்றுவந்த பெண் ஒருவர்க்குப் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது.

மதம் மாறியதால் தேநீர்க் கடைக்காரர் குவளையை மாற்றினாரா? இல்லை. சுடுகாட்டுப் பாதை மாறிற்றா? இல்லை. மாறியது தாள் ஒன்றே. நெஞ்சில் உள்ளதைத் தாளில் எழுத முடியாமலும், தாளில் உள்ளதை நெஞ்சில் ஏற்க முடியாமலும் எத்தனை இளைஞர் நம் தெருக்களில் வாழ்கின்றனர்! அவர்களைக் கோழைகள் என்று ஏசுவோர் உளர், நாங்கள் ஏசமாட்டோம். ஒருவனை அவன் நம்பிக்கைக்கும் அவன் தங்கையின் படிப்புக்கும் இடையே நிறுத்தும் சட்டத்தையே நாம் குறைகூற வேண்டும். அந்த மாலைக்குப் பின் எங்கள் குறிப்பேட்டில் படித்த பகுதியும் செய்யவேண்டிய செயலும் மட்டுமே எழுதப்படுகின்றன; வந்தவர் பெயர் எழுதப்படுவதில்லை. யார் எம்மதத்தார் என்று கேட்பதும் இல்லை. அந்த இளைஞர் கேள்வி கேட்டதோடு நின்றுவிட்டார், பிறகு வரவில்லை. அவருக்குரிய இடம் பாயில் இன்றும் இருக்கின்றது.

இளைஞர்களுக்கு

இந்த வெள்ளி விழா ஆண்டில் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, சங்கம் பணிபுரியும் ஒவ்வொரு தெருவிலும் வாரம் ஒரு மாலை முதியோர் படிப்பு வட்டம் ஒன்று அமைய வேண்டும். ஆலயம் உள்ள தெருவில் அது வேதமாக இருக்கட்டும். விகாரை உள்ள தெருவில் பாபாசாகேபின் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலாக இருக்கட்டும். வேறிடங்களில் அரசியலமைப்புச் சட்டமாகவோ, அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழின் கட்டுரைகளாகவோ இருக்கட்டும். நூல் எதுவாயினும் அந்த நான்கு கேள்விகளும் இருக்கட்டும்.

இரண்டாவது, படித்த இளைஞர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மாலையை அங்குக் கொடுக்க வேண்டும். பேசுவதற்காக வரவேண்டா, அருகில் அமர்வதற்காக வாருங்கள். உங்கள் பாட்டி ஒரு சொல்லை எழுத்துக் கூட்டி முடிக்கும் வரை பொறுத்திருங்கள். அந்தப் பொறுமையை எந்தக் கல்லூரியும் உங்களுக்குக் கற்பிக்காது.

மூன்றாவது, வட்டம் வீடுவீடாகச் செல்ல வேண்டும். எந்த வீட்டையும் தாண்டிச் செல்லலாகாது. தாண்டிச் சென்ற வீடு எது என்று ஆண்டுக்கொருமுறையேனும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் வட்டத்தில் இப்போது இருபதுக்கு மேற்பட்டோர் கூடுகின்றோம். சுதந்தரத்திற்குப் பொருள் சொன்ன அம்மையார் சென்ற ஆண்டு இயற்கை எய்தினார். அவர் படித்த பெரிய எழுத்து வேதப் புத்தகத்தை அவர் மகள் வட்டத்திற்கே கொடுத்துவிட்டார். நாபோத்தின் பக்கத்தில் அவர் ஓரத்தில் எழுதியிருந்த புல எண், கோணல்மாணலான எழுத்தில், இன்றும் படிக்கும்படி உள்ளது. அந்த எண்ணுக்குரிய நிலம் மீளும் வரை அந்தப் பக்கத்தை நாங்கள் ஆண்டுதோறும் படிப்போம். உங்கள் தெருவிலும் அவ்வாறு படிக்க வேண்டிய ஒரு பக்கம் இருக்கும். அதனைத் தேடி எடுங்கள் என்று கேட்டுக்கொள்கின்றோம்.